கர்னல் அப்டேட் பாதியில் நின்றது, இப்போது ஆப்ட் எதையும் நிறுவ மறுக்கிறது

பனித்துளி:
வணக்கம். மடிக்கணினியில் உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) ஓடுகிறது. நிறுவும்போதே வட்டு முழுவதையும் என்க்ரிப்ட் செய்துதான் போட்டேன். நிரல்களை நிறுவும் ஆப்ட் வழியாக வழக்கமான அப்கிரேட் ஓடிக்கொண்டிருந்தபோது திரை முழுக்க எழுத்துகள் ஓடி, கடைசியில் "சப்-ப்ராசஸ் டிபிகேஜி ரிட்டர்ன்ட் அன் எரர் கோட் (1)" என்று வந்து நின்றுவிட்டது. அதிலிருந்து எதை நிறுவப் போனாலும் இதே பல்லவிதான். இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஒரு சின்ன எடிட்டரைப் போடப் பார்த்தால்கூட கர்னல் பெயரைச் சொல்லித்தான் தோற்கிறது. ஆப்ட் ஆட்டோரிமூவ் போட்டுப் பார்த்தேன், அதுவும் அதே இடத்தில் நிற்கிறது.

கூடவே இன்னொன்று. கணினியை எழுப்பிய சில நிமிடங்களுக்கு "குட் நாட் கெட் லாக்" என்று வேறொரு செய்தி வருகிறது, அப்புறம் தானாகப் போய்விடுகிறது. இணையத்தில் தேடினால் பாதிப் பேர் லாக் கோப்புகளை அழி என்கிறார்கள், மீதிப் பேர் ஆப்ட்டின் அடியில் நிறுவும் வேலையைச் செய்யும் டிபிகேஜிக்கு --ஃபோர்ஸ்-ஆல் கொடு என்கிறார்கள். இரண்டையும் இன்னும் செய்யவில்லை. உள்ளே வேலைக்கான கோப்புகள் இருப்பதால் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று வந்தேன்.

வேர்க்கணு:
இரண்டையும் செய்யாமல் வந்தீர்களே, அதுவே பெரிய விஷயம். இதை எளிதாகச் சரிசெய்துவிடலாம். ஆனால் ஒன்று, வேலை முடியும்வரை கணினியை ரீபூட் செய்ய வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் லாக் விஷயம், அதாவது ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டும் பேக்கேஜ்களைத் தொடுவதற்கான பூட்டு. உங்கள் முக்கியமான பிரச்சினைக்கும் இதற்கும் தொடர்பில்லை. கணினி எழுந்ததும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் பின்னணியில் ஓடி பாதுகாப்பு அப்டேட்களைப் போடுகிறது. அது ஓடும் நேரத்தில் நீங்களும் ஆப்ட்டைக் கூப்பிட்டால் லாக் கிடைக்காது. 2020-இல் வந்த ஆப்ட் 2.0 முதல் அந்தச் செய்தியிலேயே எந்த ப்ராசஸ் பிடித்திருக்கிறது என்று எண்ணும் பெயரும் இருக்கும், பாருங்கள். காத்திருந்தால் போதும்.

லாக் கோப்பை அழிப்பதால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு அறிவுரையால் கெட்டுப்போன கணினிகள் ஏராளம். டிபிகேஜி அடைவில் கிடக்கும் அந்த லாக் கோப்பு காலிக் கோப்பு. அது இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து ஆப்ட் முடிவெடுப்பதில்லை. ஓடுகிற ப்ராசஸ் அந்தக் கோப்பைத் திறந்து, கர்னலிடம் "இது என் கையில்" என்று பதிந்து வைக்கிறது. ப்ராசஸ் செத்தால் அந்தப் பதிவும் அந்தக் கணமே போய்விடும், மின்சாரம் போனாலும் அப்படித்தான். ஆகவே பழைய லாக் கோப்பு மிச்சமிருந்து தொந்தரவு செய்கிறது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. லாக் கிடைக்கவில்லை என்றால் உண்மையிலேயே யாரோ உள்ளே வேலை செய்கிறார்கள். அந்த நேரத்தில் கோப்பை அழித்தால் பழைய ப்ராசஸ் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும், நீங்கள் கூப்பிட்ட ஆப்ட் அதே பெயரில் புதுக் கோப்பை உண்டாக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில், எது நிறுவப்பட்டிருக்கிறது என்ற கணக்கை வைத்திருக்கும் ஒரே ஸ்டேட்டஸ் கோப்பில் எழுதினால் என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இனி உண்மையான பிரச்சினை. "எரர் கோட் (1)" என்ற கடைசி வரியை வைத்துக்கொண்டு எதுவும் கண்டுபிடிக்க முடியாது, அது ஏதோ ஒன்று தோற்றது என்று மட்டும்தான் சொல்கிறது. முதலில் தோற்ற வரி எது என்பதுதான் தேவை. /வார்/லாக்/ஆப்ட்/ அடைவில் டெர்ம்.லாக் என்று ஒரு கோப்பு இருக்கும், அன்றைக்குத் திரையில் ஓடியதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். அதைத் திறந்து, கடைசியிலிருந்து மேலே ஏறி வந்து, "எரர்" அல்லது "ஃபெயில்ட்" என்ற சொல் முதன்முதலாக எங்கே வருகிறது என்று பாருங்கள்.

அப்புறம் இந்த நான்கின் வெளியீட்டையும் போடுங்கள்:

டிஎஃப் -ஹெச்
டிஎஃப் -ஐ
யூநேம் -ஆர்
சூடோ டிபிகேஜி --ஆடிட்

என் ஊகம் என்னவென்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: பூட் பகுதி (கணினி எழும்போது படிக்கும் கோப்புகள் இருக்கும் இடம்) நிரம்பியிருக்கும்.

பனித்துளி:
ஊகம் சரி! டிஎஃப் -ஹெச் வெளியீட்டில் /பூட் வரியில் 100% என்று நிற்கிறது. மற்ற பகுதிகளில் எல்லாம் தாராளமாக இடம் இருக்கிறது, அதனால்தான் இடப் பிரச்சினை என்று எனக்குத் தோன்றவே இல்லை. டிஎஃப் -ஐ வெளியீட்டில் எதுவும் நிரம்பவில்லை.

டெர்ம்.லாக் கோப்பில் முதலில் வரும் பிழை இது: அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் புது இனிட்ஆர்டி கோப்பை உருவாக்கும் இடத்தில் "இசட்எஸ்டிடி: ரைட் எரர்: நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்". அதற்குக் கீழே "அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்: ஃபெயில்ட்" என்று ஆரம்பித்து ஒரு நாற்பது ஐம்பது வரி ஓடுகிறது, நான் பார்த்துக் கலங்கியதெல்லாம் அந்தக் கடைசி வரிகளைத்தான்.

டிபிகேஜி ஆடிட் வெளியீட்டில் புதிய லினக்ஸ்-இமேஜ் பாதி கான்ஃபிகர் ஆகி நிற்கிறது என்றும், லினக்ஸ்-ஜெனரிக் உள்ளிட்ட சில பேக்கேஜ்கள் பிரித்து வைக்கப்பட்டு இன்னும் கான்ஃபிகர் ஆகவில்லை என்றும் வருகிறது.

வேர்க்கணு:
அருமை, இனி எல்லாம் தெளிவு. வட்டை என்க்ரிப்ட் செய்து நிறுவினால் /பூட் தனிப் பகுதியாக வைக்கப்படும், ஏனென்றால் கடவுச்சொல் கேட்கும் நிரலே அங்கிருந்துதான் படிக்கப்பட வேண்டும். அந்தப் பகுதி சிறியது. ஒவ்வொரு கர்னல் வரும்போதும் கர்னல் கோப்பு ஒன்று, அதைவிடப் பல மடங்கு பெரிய இனிட்ஆர்டி கோப்பு (வட்டைத் திறக்கும்வரை கர்னலுக்குத் தேவையானவற்றை அடைத்து வைத்திருப்பது) ஒன்று என அங்கே சேர்ந்துகொண்டே போகும். பழைய கர்னல்கள் போவதற்குள் புதியது வந்தால் இப்படி முட்டிக்கொள்ளும்.

உங்கள் எடிட்டர் ஏன் நிறுவப்படவில்லை என்பதற்கும் இதுதான் பதில். நீங்கள் எதைக் கேட்டாலும் ஆப்ட் ஏற்கெனவே பாதியில் நிற்கும் கர்னலையும் சேர்த்தே முடிக்கப் பார்க்கிறது, அதற்கு இனிட்ஆர்டி எழுத வேண்டும், எழுத இடமில்லை, தோற்கிறது. ஆட்டோரிமூவ் சிக்கிக்கொள்வதும் இதனால்தான்.

ரீபூட் வேண்டாம் என்று சொன்னேனே, அதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. புதிய கர்னல் கோப்பு வந்துவிட்டது, அதன் இனிட்ஆர்டி வரவில்லை அல்லது அரைகுறையாகக் கிடக்கிறது. எந்தக் கர்னலில் எழுவது என்று தேர்ந்தெடுக்கும் க்ரப் மெனுவில் அந்தக் கர்னல் முதலில் வந்து உட்கார்ந்திருந்தால் கணினி அதைத்தான் எடுக்கும், இனிட்ஆர்டி இல்லாமல் என்க்ரிப்ட் ஆன வட்டைத் திறக்க வழியில்லை, கர்னல் பேனிக் ஆகி நிற்கும். தப்பித் தவறி அணைந்துவிட்டால் பதற வேண்டாம், க்ரப் மெனுவில் "அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்" உள்ளே போய் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. யூநேம் -ஆர் காட்டிய பதிப்பைத் தனியாகக் குறித்து வையுங்கள், அதைத் தொடவே கூடாது. பிறகு:

டிபிகேஜி -எல் 'லினக்ஸ்-இமேஜ்*'

இதில் "ஐஐ" என்று தொடங்கும் வரிகள் முழுமையாக நிறுவப்பட்டவை, "ஐஎஃப்" என்றால் பாதி கான்ஃபிகர் ஆனது, "ஐயூ" என்றால் பிரித்து மட்டும் வைக்கப்பட்டது, "ஆர்சி" என்றால் நீக்கப்பட்டு அமைப்புக் கோப்புகள் மட்டும் மிச்சமிருப்பது. "ஐஐ" வரிகளில் ஆகப் பழைய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், இப்போது ஓடுவது அதுவாக இருந்தால் அதை விட்டு அடுத்தது. அந்தப் பதிப்பின் இமேஜ், மாட்யூல்ஸ், மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா மூன்றையும் ஒரே வரியில் கொடுத்து, ஆப்ட் வழியாக இல்லாமல் நேராக டிபிகேஜி வழியாக நீக்குங்கள்:

சூடோ டிபிகேஜி --பர்ஜ் லினக்ஸ்-இமேஜ்-பதிப்பு லினக்ஸ்-மாட்யூல்ஸ்-பதிப்பு லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா-பதிப்பு

மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது அவசியம், ஒன்றை ஒன்று சார்ந்திருப்பதால் தனித்தனியாகக் கொடுத்தால் முரண்டு பிடிக்கும். டிபிகேஜி நீங்கள் சொன்னதை மட்டும்தான் செய்யும், பாதியில் நிற்கும் மற்றதை முடிக்கப் போகாது, அதனால்தான் இங்கே அதைப் பயன்படுத்துகிறோம். நீக்கும்போது அந்தக் கர்னலின் இனிட்ஆர்டி கோப்பும் போய், க்ரப் மெனுவும் புதுப்பிக்கப்படும். கையால் ஆர்எம் போட்டு அழித்தால் கோப்பு போகும், ஆனால் டிபிகேஜியின் கணக்கில் அந்தப் பேக்கேஜ் இருந்துகொண்டே இருக்கும், பிறகு வேறொரு நாள் வேறொரு உருவத்தில் திரும்பி வரும்.

இடம் கிடைத்ததும்:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்
சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்

இந்த வரிசையிலேயே செய்யுங்கள். ஒவ்வொன்றும் பிழையில்லாமல் முடிந்த பிறகுதான் அடுத்தது.

கடலோடி:
வேர்க்கணு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டிபிகேஜி பர்ஜே தோற்றால், அதாவது க்ரப் கோப்பை எழுதக்கூட இடமில்லாத அளவுக்கு நிரம்பியிருந்தால், பழைய கர்னல் ஒன்றின் இனிட்ஆர்டி கோப்பை அழிக்காமல் ஹோம் அடைவுக்கு நகர்த்தி வையுங்கள். இடம் கிடைக்கும், பர்ஜ் ஓடும். ஏதாவது கோளாறு என்றால் திரும்ப எடுத்து வைக்கலாம்.

இனிட்ஆர்டி ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். லிஸ்ட்இனிட்ராம்எஃப்எஸ் மாதிரி பெயரில், சரியாகச் சொன்னால் எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது, உள்ளே என்னென்ன அடைத்து வைத்திருக்கிறது என்று காட்டும். என்விடியா டிரைவர் போட்ட கணினிகளில் ஃபர்ம்வேர் கோப்புகளே பாதி இடத்தைப் பிடித்திருக்கும். /ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/ அடைவில் உள்ள கான்ஃப் கோப்பில் கம்ப்ரெஸ் என்ற வரியை எக்ஸ்இசட் என்று மாற்றினால் கோப்பு சிறுக்கும், உருவாக்கவும் திறக்கவும் நேரம் கூடும். மாட்யூல்ஸ் என்ற வரியை மோஸ்ட் என்பதிலிருந்து டெப் என்று மாற்றினால் இன்னும் நன்றாகவே சிறுக்கும். ஆனால் அப்படிச் செய்தால் இந்தக் கணினியின் வன்பொருளுக்குத் தேவையானது மட்டும்தான் உள்ளே இருக்கும், வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் பூட் ஆகாமல் போகலாம். நான் கம்ப்ரெஸ் மாற்றத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

செவ்வானம்:
இதே "எரர் கோட் (1)" எனக்கும் வருகிறது, ஆனால் என் பூட் பகுதியில் இடம் இருக்கிறது. டெர்ம்.லாக் கோப்பில் முதல் பிழை பைதான் சம்பந்தமானது. அதோடு டெர்மினலில் தவறான கட்டளை எதையாவது அடித்தால் "நோ மாட்யூல் நேம்ட் ஆப்ட்_பிகேஜி" என்று நீளமாக ஒரு பிழை வருகிறது. 22.04தான். புதிய பைதான் 3.12 தேவைப்பட்டதால் ஒரு வழிகாட்டிப் பக்கத்தில் சொன்னபடி பைதான்3 என்ற பெயர் 3.12-ஐக் குறிக்குமாறு மாற்றப்பட்டிருக்கிறது. தொடர்பு இருக்குமா? இல்லை, தனி இழை தொடங்கட்டுமா?

உலைக்களம்:
இங்கேயே இருக்கட்டும், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும். தொடர்பு இருக்கிறது, அதுதான் முழுக் காரணமும்.

22.04-இன் பைதான்3 என்றால் 3.10. கணினியின் சொந்த நிரல்கள் பல அந்தப் பெயரை நம்பித்தான் எழுதப்பட்டவை: பிபிஏ என்ற வெளிச் சேமிப்பிடத்தைச் சேர்க்கும் ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி, தெரியாத கட்டளையை அடித்தால் பேக்கேஜ் பெயர் சொல்லும் நிரல், பேக்கேஜ்கள் நிறுவி முடியும்போது ஓடும் பைதான் தொகுப்பு ஸ்க்ரிப்டுகள் எல்லாமே. ஆப்ட்_பிகேஜி என்பது சி++ மொழியில் எழுதி 3.10-க்கென்று கம்பைல் செய்யப்பட்ட மாட்யூல், கோப்பின் பெயரிலேயே "சிபைதான்-310" என்று இருக்கும். 3.12 போய் அதைத் தேடினால் கண்ணுக்கே தெரியாது.

எல்எஸ் -எல் /யூஎஸ்ஆர்/பின்/பைதான்3 என்று அடித்து இணைப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் வழியாக மாற்றியிருந்தால்:

சூடோ அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் --ரிமூவ்-ஆல் பைதான்3
சூடோ எல்என் -எஸ்எஃப் /யூஎஸ்ஆர்/பின்/பைதான்3.10 /யூஎஸ்ஆர்/பின்/பைதான்3
சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ

முதல் வரி இணைப்பையே எடுத்துவிடும், ஆகவே இரண்டாவதைத் தாமதிக்காமல் அடியுங்கள். 3.12 அங்கேயே இருக்கட்டும், அதை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அல்லது அதை வைத்து ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி வேலையை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சூடோ போட்டு பிப் (பைதான் தொகுப்புகளை நிறுவும் கருவி) இன்ஸ்டால் செய்கிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கணினியின் பைதானுக்குள் பிப் கொண்டுவந்து கொட்டும் கோப்புகள் ஆப்ட்டின் கணக்கில் வராது, இரண்டும் ஒன்றோடொன்று மோதும். இதற்காகத்தான் 2023-இல் வந்த டெபியன் 12 முதல் பிப் "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்" என்று சொல்லி மறுக்கிறது. அந்த மறுப்பைத் தாண்டுவதற்கான சுவிட்சுக்கு "ப்ரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அதைப் படித்த பிறகும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

செவ்வானம்:
சரியாகிவிட்டது, மிக்க நன்றி! கான்ஃபிகர் -ஏ ஓடியதும் நின்றுபோயிருந்த எல்லாப் பேக்கேஜ்களும் வரிசையாக முடிந்தன. 3.12-க்கு விர்ச்சுவல் என்விரான்மென்ட் போட்டுக்கொண்டேன்.

பனித்துளி:
எனக்கும் நல்ல செய்தி. டிபிகேஜி பர்ஜ் முதல் தடவையிலேயே ஓடியது, கடலோடி சொன்ன மாதிரி கோப்பை நகர்த்த வேண்டிய அவசியம் வரவில்லை. கான்ஃபிகர் -ஏ போட்டதும் இனிட்ஆர்டி உருவானது. ஆட்டோரிமூவ் இன்னும் சில பழைய கர்னல்களை எடுத்தது, /பூட் இப்போது பாதிக்கும் கீழே. ரீபூட் செய்தேன், புதிய கர்னலில் எழுந்தது.

இப்போது ஆப்ட் அப்டேட் போட்டால் வேறு இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, வெளியிலிருந்து சேர்த்த ஒரு ரெப்போவுக்கு (பேக்கேஜ்களை இறக்கும் சேமிப்பிடம்) "நோ_பப்கீ" என்று ஒரு நீண்ட எண்ணோடு எச்சரிக்கை. இரண்டு, அப்கிரேட் போட்டால் சில பேக்கேஜ்கள் "கெப்ட் பேக்" என்று ஒதுங்கிக்கொள்கின்றன. முன்னால் நடந்ததன் மிச்சமா இவை?

வேர்க்கணு:
இல்லை, இரண்டுமே வேறு கதை.

"கெப்ட் பேக்" பெரும்பாலும் பிழையே இல்லை. உபுண்டு அப்டேட்களைப் படிப்படியாக வெளியிடுகிறது, முதலில் குறைந்த விழுக்காடு கணினிகளுக்கு, கோளாறு எதுவும் தெரியவில்லை என்றால் மேலும் மேலும் பலருக்கு. 21.04 முதல் ஆப்ட்டும் இந்த ஏற்பாட்டை மதிக்கிறது. ஆப்ட் பாலிசி என்று அடித்து அந்தப் பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள், பதிப்புக்குப் பக்கத்தில் "ஃபேஸ்ட் 20%" என்பது போல இருந்தால் உங்கள் முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். சிலர் பெயரைச் சொல்லி ஆப்ட் இன்ஸ்டால் போட்டு வலுக்கட்டாயமாக ஏற்றுகிறார்கள். அது வேண்டாம், இந்தக் காத்திருப்பு உங்களைக் காப்பாற்றுவதற்காகத்தான். அப்படி எதுவும் இல்லையென்றால் ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் போட்டு யாராவது பிடித்து நிறுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் புதிதாக வேறொரு பேக்கேஜை நிறுவவோ நீக்கவோ வேண்டியிருக்கும், அதற்கு ஃபுல்-அப்கிரேட். எதையெல்லாம் நீக்கப்போகிறது என்ற பட்டியலைப் படிக்காமல் மட்டும் ஒய் அழுத்த வேண்டாம்.

"நோ_பப்கீ" என்பது அந்த ரெப்போவின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி இல்லை என்று சொல்கிறது. ஆப்ட்-கீ என்ற பழைய கட்டளையைச் சொல்லும் வழிகாட்டி எது கண்ணில் பட்டாலும் தாண்டிப் போய்விடுங்கள். அதன் வழியாகச் சேர்த்த சாவி எல்லா ரெப்போக்களுக்கும் செல்லும். ஏதோ ஒரு வெளி ரெப்போவின் சாவி திருட்டுப் போனால், அதை வைத்திருப்பவர் உபுண்டுவின் பெயரிலேயே பேக்கேஜ் கையொப்பமிட்டு உங்கள் கணினிக்குள் நுழைக்கலாம். இப்போதுள்ள முறையில் அந்த ரெப்போவை நடத்துகிறவர்களின் தளத்திலிருந்து சாவியை இறக்கி /ஈடிசி/ஆப்ட்/கீரிங்ஸ்/ அடைவில் வைத்து, ரெப்போ வரியில் சைன்ட்-பை என்று அந்தக் கோப்பைக் குறிப்பிட வேண்டும். அந்தச் சாவி அந்த ரெப்போவுக்கு மட்டும்தான் செல்லும்.

இதில் பலரும் தடுமாறுகிற இடங்கள் இரண்டு. சாவி வெறும் எழுத்துகளாக "பிகின் பிஜிபி" என்று தொடங்கினால் கோப்பின் பின்னொட்டு ஏஎஸ்சி, இல்லாவிட்டால் ஜிபிஜி. மாற்றி வைத்தால் ஆப்ட் படிக்காது. இன்னொன்று, கோப்பை எல்லோரும் படிக்க அனுமதி இருக்க வேண்டும், அதாவது 644. சரிபார்க்கும் வேலையை ஆப்ட் ரூட்டாகச் செய்வதில்லை, _ஆப்ட் என்ற தனிப் பயனராகச் செய்கிறது. அந்தப் பயனரால் படிக்க முடியவில்லை என்றால் சாவி கண்ணெதிரே கிடந்தும் "நோ_பப்கீ" என்றே சொல்லும்.

மின்மினி:
சாவி என்றதும் கேட்கிறேன். என் பழைய கணினியில் எல்லா ரெப்போக்களும் ஒரே சமயத்தில் தோற்கின்றன. "ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் எட்" என்று ஆரம்பித்து, இன்னும் இத்தனை நாள் கழித்துத்தான் செல்லும் என்கிறது. சாவிகளை எல்லாம் மறுபடி போட்டாகிவிட்டது, பலன் இல்லை.

கடலோடி:
கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள்! டைம்டேட்சிடிஎல் என்று அடித்தால் தேதி தெரியும், அநேகமாகப் பழைய தேதியில் நிற்கும். ரெப்போவின் ரிலீஸ் கோப்பில் அது எப்போது உருவானது என்ற தேதி இருக்கும். உங்கள் கணினி அதற்கும் முந்தைய தேதியில் இருந்தால் எதிர்காலத்தில் கையொப்பமிட்ட கோப்பாகத் தெரிகிறது, ஆப்ட் மறுக்கிறது. மறுப்பது சரியும்கூட. பழைய கணினி என்பதால் மதர்போர்டில் உள்ள சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும். இப்போதைக்கு சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ போட்டு இணையத்திலிருந்து நேரத்தை எடுக்க வையுங்கள், பேட்டரியை மாற்றினால் நிரந்தரத் தீர்வு.

மின்மினி:
தேதி பல வருடம் பின்னால் இருந்தது. சரிசெய்ததும் எல்லாம் இறங்குகிறது. இதற்குப் போய் சாவிகளைக் குடைந்துகொண்டிருந்தேன், நன்றி.

உலைக்களம்:
வேர்க்கணுவிடம் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். --ஃபோர்ஸ் என்றாலே தொடக்கூடாது என்பதுபோல் இந்த இழையின் தொனி இருக்கிறது. "ட்ரையிங் டு ஓவர்ரைட்" என்ற பிழை வரும்போது --ஃபோர்ஸ்-ஓவர்ரைட் நியாயமான தீர்வுதான். ஒரு கோப்பு ஒரு பேக்கேஜிலிருந்து இன்னொன்றுக்கு மாறும், பேக்கேஜ் செய்தவர் அதை அறிவிக்க மறந்திருப்பார், டிபிகேஜி நிறுத்திவிடும். அங்கே வேறு என்ன செய்வது?

வேர்க்கணு:
அந்த ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், நிபந்தனையோடு. பிழைச் செய்தியில் கோப்பின் முழுப் பாதை இருக்கும், டிபிகேஜி -எஸ் போட்டு அது இப்போது யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள், எஸ் பெரிய எழுத்து. இரண்டு பேக்கேஜும் ஒரே நிரலின் பகுதிகள், ஒரே ரெப்போவிலிருந்து வருபவை என்றால் ஓவர்ரைட் கொடுக்கலாம். ஒன்று விநியோகத்தின் சொந்தப் பேக்கேஜ், மற்றொன்று எங்கிருந்தோ இறக்கிய டெப் கோப்பு என்றால் கொடுக்கவே கூடாது, அந்த டெப்பைத்தான் தூக்கி எறிய வேண்டும்.

ஆனால் --ஃபோர்ஸ்-ஆல், --ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ் இரண்டுக்கும் என் பதில் மாறாது. பனித்துளியின் கணினியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே --ஃபோர்ஸ்-ஆல் போட்டிருந்தாலும் /பூட் பகுதியில் ஒரு பைட் இடம்கூடக் கூடியிருக்காது. சார்புகளைச் சரிபார்க்காமல் கண்டதையும் நிறுவி, நீக்கி, ஒரு இடப் பற்றாக்குறையைப் பத்துப் பேக்கேஜ்களின் சிக்கலாக ஆக்கியிருக்கும். என்ன தடுக்கிறது என்று தெரியாமல் தடையை மட்டும் எடுப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான்.

கடலோடி:
ஸ்டேட்டஸ் கோப்பே கெட்டுப்போனால் என்ன செய்வது என்றும் எழுதிவிடுகிறேன், இழை முழுமையாகட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலோ வட்டு பழுதானாலோ டிபிகேஜி "பார்சிங் ஃபைல்" என்று ஆரம்பித்து ஸ்டேட்டஸ் கோப்பைப் படிக்க முடியவில்லை என்று சொல்லும். நான் பார்த்த ஒரு கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் அளவு மட்டும் சரியாக இருந்தது, உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை, முழுக்க வெறும் பூஜ்ய பைட்டுகள். எந்தப் பேக்கேஜ் இருக்கிறது என்பதே கணினிக்குத் தெரியாத நிலை. பலர் இங்கே மறுநிறுவலுக்குப் போய்விடுகிறார்கள், தேவையில்லை.

அதே /வார்/லிப்/டிபிகேஜி/ அடைவில் ஸ்டேட்டஸ்-ஓல்ட் என்று முந்தைய நிலை இருக்கும். அதுவும் கெட்டிருந்தால் /வார்/பேக்கப்ஸ்/ அடைவில் டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0 என்றும், அதற்கு முந்தையவை ஜீஜிப் செய்து எண்களோடும் இருக்கும். கெட்ட கோப்பை வேறு பெயரில் எடுத்து வைத்துவிட்டு, நல்ல பிரதியை ஸ்டேட்டஸ் என்ற பெயரில் வையுங்கள். அந்தப் பிரதிக்குப் பிறகு என்னென்ன நிறுவினீர்கள் என்பது /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் கோப்பில் இருக்கும், அவற்றை மட்டும் --ரீஇன்ஸ்டால் போட்டு மறுபடி நிறுவினால் கணக்கு நேராகிவிடும்.

இதை எல்லாம் செய்வதற்கு முன்னால் டிமெஸ்ஜி வெளியீட்டைப் பாருங்கள். "ஐ/ஓ எரர்" வரிகள் இருந்தாலோ, கோப்பு முறைமை "ரீட்-ஒன்லி" ஆகியிருந்தாலோ பிரச்சினை வட்டில். அப்போது முதல் வேலை உங்கள் கோப்புகளை வேறிடத்துக்கு எடுப்பது, ஆப்ட் அப்புறம்.

செவ்வானம்:
ஒரு கேள்வி. லாக் கோப்பை அழிக்கவே கூடாது என்று மேலே படித்தேன். ஆர்ச் லினக்ஸ் பயன்படுத்தும் நண்பர், அங்கே பேக்கேஜ்களை நிறுவும் பேக்மேனின் லாக் கோப்பை அழித்தால் சரியாகிவிடும் என்கிறார், அவருடைய விக்கியிலேயே அப்படித்தான் இருக்கிறதாம். எது சரி?

உலைக்களம்:
இரண்டும் சரி, ஏனென்றால் இரண்டும் வேறு வகை லாக். பேக்மேன் விஷயத்தில் டிபி.எல்சிகே என்ற கோப்பு இருப்பதே லாக். பேக்மேன் ஓடும்போது உருவாக்கும், முடிந்ததும் அழிக்கும். நடுவில் மின்சாரம் போனால் அழிக்க ஆளில்லை, கோப்பு அப்படியே கிடக்கும், அடுத்த முறை மறுக்கும். ஆகவே அங்கே பேக்மேன் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அழிப்பதுதான் முறை. அந்த அறிவுரையை அப்படியே டெபியன், உபுண்டு பக்கம் கொண்டுவருவதால்தான் இவ்வளவு குழப்பமும்.

ஆர்ச் பக்கம் பெரும்பாலான உடைசல்கள் வேறு காரணத்தால் வருகின்றன. -எஸ்ஒய் போட்டு பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஒரே ஒரு பேக்கேஜை நிறுவுவார்கள். அந்தப் பேக்கேஜ் புதிய லைப்ரரியை எதிர்பார்க்கும், கணினியில் பழையதே இருக்கும். ஆர்ச் பகுதி அப்கிரேடை ஆதரிப்பதில்லை, எப்போதும் -எஸ்ஒய்யூ. ஃபெடோராவில் இந்த பூட் நிரம்பும் தொல்லை குறைவு, அங்கே ஆப்ட்டுக்கு இணையான டிஎன்எஃப் வழக்கமாக மூன்று கர்னல்களுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை.

பனித்துளி:
சாவியை வேர்க்கணு சொன்னபடி வைத்தேன். முதலில் அதே எச்சரிக்கை, அப்புறம் பார்த்தால் கோப்பின் அனுமதி 600. 644 ஆக்கியதும் போய்விட்டது. "கெப்ட் பேக்" ஆனவற்றில் "ஃபேஸ்ட்" என்றுதான் இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன். டிபிகேஜி --ஆடிட் இப்போது எதுவும் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. பழைய கர்னல்கள் ஏன் இவ்வளவு சேர்ந்தன? அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் தானாகப் போட்டுக்கொண்டே இருந்ததுதான் காரணம் என்றால் அதை நிறுத்திவிடலாமா? கணினியை நான் பெரும்பாலும் அணைப்பதில்லை, மூடி வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

வேர்க்கணு:
நிறுத்த வேண்டாம், பாதுகாப்பு அப்டேட்கள் அதன் வழியாகத்தான் வருகின்றன. நீங்கள் சொன்ன கடைசி வரிதான் விஷயம். ஓடிக்கொண்டிருக்கும் கர்னலை ஆப்ட் நீக்காது, ஆகப் புதியவற்றையும் நீக்காது. மூடி மூடித் திறந்தால் வாரக்கணக்கில் ஒரே கர்னல் ஓடும், அதற்குள் புதியவை வந்து சேரும், சிறிய பூட் பகுதிக்கு அது தாங்காது.

/ஈடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி/ அடைவில் 50அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற கோப்பில் "ரிமூவ்-அன்யூஸ்ட்-கர்னல்-பேக்கேஜஸ்" என்ற வரி இருக்கும், அது ட்ரூ என்று இருக்கிறதா பாருங்கள். /வார்/ரன்/ரீபூட்-ரிக்வயர்ட் என்ற கோப்பு இருந்தால் புதிய கர்னல் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள், அன்றைக்கே ஒரு முறை ரீபூட் செய்து, எழுந்ததும் ஆட்டோரிமூவ் --பர்ஜ் போடுங்கள். கடலோடி சொன்ன எக்ஸ்இசட் மாற்றத்தையும் செய்துவிட்டால் அதே பகுதியில் இன்னொரு கர்னலுக்கும் இடம் கிடைக்கலாம். மாற்றிய பிறகு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ போட்டு, டிஎஃப் -ஹெச் /பூட் என்ன காட்டுகிறது என்று இங்கே எழுதுங்கள்.